ரோஜாக் கொடியும் கோழியும்: பிளாக்பர்ன் ரோவர்ஸ் தரமிறங்கிய 2011–12 சீசன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த அணியைப் பற்றிய பேச்சு இது?

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் மாவட்டத்தில் இருக்கும் பிளாக்பர்ன் ஊரின் கால்பந்து அணி, பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1875இல் தொடங்கியது. பாதி நீலம், பாதி வெள்ளைச் சட்டை. சின்னத்தில் லங்காஷயரின் சிவப்பு ரோஜா. சொந்த மைதானம் ஈவுட் பார்க். 2010 நவம்பரில் இந்த அணியைப் புனேயைச் சேர்ந்த ஒரு கோழி நிறுவனம் வாங்கியது. பதினெட்டு மாதங்களில் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. இந்திய உரிமையாளர்கள் என்பதால் நம் ஊரிலும் இதைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர். "கோழி வியாபாரிக்குப் பந்து எதற்கு?" என்ற ஒற்றை வரியோடு பலரும் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

ஐபிஎல் மட்டும் பார்த்துப் பழகியவன் நான். தரமிறக்கம் என்றால் என்ன?

ஐபிஎல்லில் கடைசி இடம் பிடித்தால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் திரும்பவும் ஆடலாம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. கடைசி மூன்று அணிகள் அடுத்த பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும்.

இறங்குவது மானப் பிரச்சினை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் பிரீமியர் லீக்கின் அடிவாரத்தில் இருந்த அணிக்கே ஆண்டுக்குச் சுமார் 40 மில்லியன் பவுண்டு வருமானப் பங்கு கிடைத்தது. இறங்கிய அணிக்கு ஆறுதல் தொகையாக நான்கு ஆண்டுகளில் மொத்தம் 48 மில்லியன். அதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். இல்லையென்றால் பெரிய சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிய வருமானத்தில் காலம் தள்ள வேண்டும்.

ஒரு சின்ன ஊர் அணிக்கு இவ்வளவு மவுசு ஏன்?

பிளாக்பர்ன் பஞ்சாலை ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதன் 12 நிறுவன அணிகளில் ரோவர்ஸும் ஒன்று. தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்ஏ கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது. பிறகு ஆலைகள் மூடின, அணியும் வாடியது.

அதை மீட்டவர் ஜாக் வாக்கர். உள்ளூர்க்காரர், இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்ததைச் சிறுவயது முதல் நேசித்த அணியில் கொட்டினார். கென்னி டால்கிலீஷை மேலாளராக (கால்பந்தில் அணித் தேர்வும் பயிற்சியும் இவர் பொறுப்பு) கொண்டுவந்தார், 1992இல் ஆலன் ஷியரரை வாங்கினார். 1995 மே மாதம் கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், அதே நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமுடன் சமன் செய்ததால், ரோவர்ஸ் சாம்பியன் ஆனது. 1914க்குப் பிறகு 81 ஆண்டு கழித்து வந்த லீக் பட்டம் அது. 2000இல் வாக்கர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளை அணியைப் பத்தாண்டு நடத்தியது. அதன் பிறகு தாங்க முடியாமல் வாங்குபவரைத் தேடியது.

இந்தப் பின்னணி முக்கியம். முதலாளி பணக்காரர் என்பதில் பிளாக்பர்ன்காரர்களுக்கு எந்த வருத்தமும் கிடையாது. பணக்கார முதலாளியால்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த முதலாளி சனிக்கிழமைதோறும் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்.

வாங்கியவர்கள் யார்?

வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் குழுமம். கடைகளில் 'வெங்கிஸ்' என்ற பெயரில் தெரியும். நிறுவனர் பி.வி. ராவ், இந்தியக் கோழிப் பண்ணைத் தொழிலின் தந்தை என்று போற்றப்படுபவர். அணியை வாங்கியது அவருடைய பிள்ளைகளான அனுராதா தேசாய், வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ். விலை 23 மில்லியன் பவுண்டு. கூடவே அணியின் கடனும்.

இவர்களுக்கும் நமக்கும் ஒரு நூல் உண்டு. தினமும் செய்தித்தாளில் நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலை வருகிறதே, அதை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கியது. இடைத்தரகர் விலையை அடித்து வாங்குவதைத் தடுக்கப் பண்ணைக்காரர்களை ஒன்றுசேர்த்த வேலை அது. முட்டாள்கள் செய்யும் வேலையல்ல. தம் தொழிலை அடிமுதல் நுனிவரை அறிந்த ஒரு குடும்பம், அறியாத தொழிலில் யார் பேச்சைக் கேட்டது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

இன்னொரு விந்தை: பிளாக்பர்னை ஒட்டிய டார்வென் ஊருக்கு 1931இல் காந்தி போனார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் பார்க்க. அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். 79 ஆண்டு கழித்து அதே பகுதிக்கு இந்தியாவிலிருந்து முதலாளிகள் வந்தார்கள்.

வாங்கிய கையோடு மேலாளரை நீக்கியது ஏன்?

அப்போதைய மேலாளர் சாம் அலர்டைஸ் அழகான ஆட்டம் ஆடவைப்பவர் அல்லர். நீளப் பந்து, உயரமான ஆட்கள், கறாரான தற்காப்பு. ஆனால் இருப்பதைக் கொண்டு அணியைக் கரையேற்றத் தெரிந்தவர். 2010 டிசம்பர் 12 அன்று போல்ட்டனிடம் 2–1 எனத் தோற்றார்கள். மறுநாள் அவரை நீக்கினார்கள். அப்போது அணி 13ஆம் இடத்தில் இருந்தது. இந்த அணிக்கு அது கண்ணியமான இடம். மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே இந்த முடிவை வெளிப்படையாகச் சாடினார்.

பெரிய கனவுதான் காரணம். ஜனவரியில் ரொனால்டீனியோவைக் கொண்டுவரப் பேச்சு நடந்தது. அவர் பிரேசிலுக்கே, ஃபிளமெங்கோவுக்குப் போய்விட்டார். நல்ல ஆட்டம் ஆட வேண்டும் என்று ஆசைப்படுவது தவறில்லை. அதற்கு ஆள் சேர்ப்பதற்கு முன்பே இருப்பவரை அனுப்பியதுதான் தவறு.

ஸ்டீவ் கீன் யார்?

ஸ்காட்லாந்துக்காரர். அலர்டைஸின் கீழ் பிரதான அணியின் பயிற்சியாளராக இருந்தவர். அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமை மேலாளராக இருந்ததில்லை. முதலில் தற்காலிகம் என்றார்கள், சில வாரங்களில் அதுவே நிரந்தரமானது. அணி விற்பனைக்கு ஆலோசனை சொன்ன வட்டாரத்தில் இருந்த முகவர் ஒருவரே கீனுக்கும் முகவர் என்பது வெளியே தெரிந்ததும் ரசிகர்களின் சந்தேகம் வேர்விட்டது.

அதைவிடச் சத்தமில்லாமல் நடந்தது ஒன்று. நிர்வாகத் தலைவராக இருந்த ஜான் வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் விலகினார். பெரிய அணிகளின் பணத்தோடு போட்டியிட முடியாத ஊரில், எந்த வீரருக்கு எவ்வளவு, எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று கணக்கறிந்து நடத்தியவர் அவர். மேலாளர் போனால் தலைப்புச் செய்தி. இப்படிப்பட்டவர் போனால் உள்பக்கத்தில் நாலு வரி. என் கணக்கில் ரோவர்ஸ் இறங்கத் தொடங்கியது அந்த நாலு வரியில்.

அந்த முதல் ஆண்டில் தப்பியது எப்படி?

கடைசி நாள், வுல்வ்ஸ் மைதானத்தில் 3–2 வெற்றி. 43 புள்ளி, 15ஆம் இடம். மயிரிழை.

2011–12 தொடக்கத்திலிருந்தே மோசமா?

ஆமாம். கோடையில் 19 வயது ஃபில் ஜோன்ஸை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். முதல் ஆட்டம், சொந்த மைதானம், வுல்வ்ஸிடம் 1–2. அடுத்து ஆஸ்டன் வில்லாவிடம் 3–1. மூன்றாவது எவர்ட்டனுடன்: ரோவர்ஸுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது, இரண்டும் வீண், கூடுதல் நேரத்தில் எவர்ட்டனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அது கோல். 0–1. துரதிர்ஷ்டத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

செப்டம்பர் 17 அன்று ரசிகர்கள் கீனை நீக்கக் கோரி ஊர்வலம் போனார்கள். அன்றே அர்செனலை 4–3 என வென்றார்கள். நான்கில் இரண்டு முன்கள வீரர் யாகுபு அடித்தவை, மற்ற இரண்டும் அர்செனல் வீரர்களே தங்கள் வலையில் போட்டுக்கொண்டவை. இப்படி வெற்றியிலும் ஏதோ ஒரு கோணல் ஒட்டிக்கொண்டே வந்தது.

நவம்பரில் விகனுடன் 3–3. அதில் ஒரு கோல் வேடிக்கையானது. ரோவர்ஸின் மோர்ட்டன் காம்ஸ்ட் பெடர்சன் கார்னர் பந்தை (மைதானத்தின் மூலையிலிருந்து உதைப்பது) காலால் மெல்லத் தொட்டுவிட்டு, சக வீரருக்கு விட்டுக்கொடுப்பதுபோல் நடந்தார். சக வீரர் தொடவே இல்லை. பெடர்சனே திரும்ப வந்து பந்தை ஓட்டிக்கொண்டு போய் உள்ளே அனுப்ப, ஹோய்லெட் கோல் அடித்தார். கார்னர் எடுத்தவரே அடுத்த ஆள் தொடும் முன் மறுபடி தொட்டால் விதிப்படி குற்றம். நடுவர் கவனிக்கவில்லை.

வீரர்கள் கோழி தின்னும் விளம்பரம் உண்மையா?

உண்மை. நீல வெள்ளைச் சட்டையில், உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து வீரர்கள் வெங்கிஸ் கோழியைக் கடித்துத் தின்னும் தொலைக்காட்சி விளம்பரம். வென்றுகொண்டிருக்கும் அணி செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தோற்கும் அணி தின்றது தொண்டையில் சிக்கியது.

அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவேளையில் அணியைப் புனேவுக்கே அழைத்துவந்து, புனே எஃப்சியுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடவைத்தார்கள். ரோவர்ஸ் 3–0 வெற்றி. ஆனால் அதற்கு முந்தைய லீக் ஆட்டத்தில் சொந்த ஊரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0–4 வாங்கியிருந்தார்கள். பயிற்சிக்கு வேண்டிய நாள்களில் இவ்வளவு தூரம் பறக்கலாமா என்ற கேள்வி நியாயமானது.

மிக மோசமான இரவு எது?

பலரும் தரமிறக்கம் உறுதியான 2012 மே 7 என்பார்கள். எனக்கு 2011 டிசம்பர் 20. எதிரணி போல்ட்டன்: பக்கத்து ஊர், பட்டியலிலும் பக்கத்து அணி. இரண்டு அணிகளும் அடிமட்டத்தில். ரோவர்ஸ் 1–2 என்று தோற்று, 17 ஆட்டங்களில் 10 புள்ளியோடு கடைசி இடத்துக்குப் போனது. ஆட்டம் நடந்த நேரம் முழுக்கக் கீனைப் பார்த்துத்தான் கூச்சல். கோட்டருகே நின்று கட்டளையிட வேண்டிய மனிதரைச் சொந்த ரசிகர்களே திட்டித் தீர்த்தார்கள். தம் அணி எதிரணியின் பகுதிக்குள் பந்தோடு போகும்போதுகூடச் சத்தம் கோலுக்காக எழவில்லை. மேலாளரைத் துரத்துவதற்காகவே எழுந்தது. அந்த இரவில் அரங்கு அணியிடமிருந்து பிரிந்துவிட்டது.

பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டையே வென்றார்களாமே?

பதினொரே நாளில்! டிசம்பர் 31, ஓல்டு டிராஃபோர்டு. அன்று ஃபெர்குசனுக்கு 70ஆவது பிறந்தநாள். யாகுபு இரண்டு கோல். யுனைடெட்டின் பெர்பட்டோவ் இரண்டு அடித்துச் சமன் செய்தார். 80ஆவது நிமிடம் ரோவர்ஸுக்குக் கார்னர். யுனைடெட் கோல்கீப்பர் டி ஹியா பந்தைச் சரியாகக் கையாளவில்லை. இருபது வயது கிராண்ட் ஹான்லி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 3–2. அந்த சீசனின் முடிவில் இரு மான்செஸ்டர் அணிகளும் 89 புள்ளியில் சமமாக நின்று, கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கு) சிட்டி பட்டம் வென்றது. ஆகவே தரமிறங்கிய ரோவர்ஸ்தான் யுனைடெட்டின் கையிலிருந்து பட்டத்தைத் தட்டிவிட்டது என்று சொன்னால் மறுப்பதற்கில்லை.

நன்றாகக் கோல் அடித்த அணி ஏன் இறங்கியது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பட்டியலை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். ரோவர்ஸ் அடித்தது 48 கோல். எட்டாம் இடம் வந்த லிவர்பூல் அடித்தது 47. பதினான்காம் இடம் பிடித்த ஸ்டோக் வெறும் 36. எவர்ட்டனிலிருந்து மலிவாக வாங்கிய யாகுபு மட்டும் 17 கோல் அடித்தார். டிசம்பரில் ஸ்வான்சிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு.

ஓட்டை பின்னால் இருந்தது. வாங்கிய கோல் 78. அதைவிட அதிகம் வாங்கியது கடைசி இடத்து வுல்வ்ஸ் (82) மட்டுமே. 38 ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்காதது மூன்றே மூன்று. அதிலும் முதலாவது வந்தது மார்ச் 10 அன்று. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும் எவனோ ஒருவன் இவர்கள் வலையில் பந்தைப் போட்டிருக்கிறான். அலர்டைஸ் இருந்தால் அடிக்கும் கோல் குறைந்திருக்கலாம். ஆனால் பின்வாசலை இப்படித் திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்க மாட்டார்.

நடுவில் ஜனவரியில் அனுபவசாலி ரயன் நெல்சன் போனார். தற்காப்பின் தூணான கிறிஸ்டோபர் சாம்பாவும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ரஷ்யாவின் அன்ஸி மகச்கலாவுக்குப் போனார். பிப்ரவரி 4 அன்று அர்செனல் 7–1 என்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

மார்ச்சில் நிலைமை தேறவில்லையா?

தேறியது, அதுதான் கொடுமை. வுல்வ்ஸை 2–0, சண்டர்லேண்டை 2–0. 29 ஆட்டங்களில் 28 புள்ளி. ஆபத்து வட்டத்துக்கு வெளியே. ஒன்பது ஆட்டம் மீதம். போல்ட்டன், யுனைடெட், வெஸ்ட் பிரோம், லிவர்பூல், ஸ்வான்சி என்று வரிசையாக ஐந்து தோல்வி. கரைக்கு வந்து கால் வைத்தவனை அலை இழுத்துப் போனதுபோல.

மே 7 அன்று என்ன நடந்தது?

திங்கட்கிழமை இரவு. ஈவுட் பார்க்கில் விடாத மழை. எதிரணி விகன், ரோவர்ஸ் வென்றே ஆக வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே யாரோ ஒரு கோழியைப் புல்லில் இறக்கிவிட்டார்கள். உயிருள்ள கோழி. அதன் மேல் ரோவர்ஸ் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். ரோஜா போட்ட கொடி, உள்ளே கோழி. ஈரப் புல்லில் அது திகைத்து நின்றது. ஆட்டத்தை நிறுத்தி அதைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. உலகம் முழுக்க அந்தப் படம்தான் போனது. ஒரு ரசிகர் கூட்டம் எழுதக்கூடிய எந்த மனுவையும்விடத் தெளிவான மனு அது. கோழிக்குத்தான் பாவம், ஒன்றும் புரிந்திருக்காது.

கோல் இல்லாமலே ஆட்டம் நகர்ந்தது. 87ஆவது நிமிடம், விகனுக்குக் கார்னர். அன்டோலின் அல்கராஸ் தலையால் முட்டினார். 0–1. பதினோரு ஆண்டு தொடர்ந்து இருந்த முதல் பிரிவு வாழ்க்கை அத்தோடு முடிந்தது. விகன் அதே கோலால் தப்பியது. விகனின் உரிமையாளர் டேவ் வீலன் 1960 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் பிளாக்பர்ன் சட்டையில் ஆடிக் கால் ஒடிந்தவர் என்பது, அந்த ஊர் முதியவர்கள் அன்றிரவு நினைத்துக்கொண்டிருக்கக்கூடிய விஷயம்.

முடிவில் 19ஆம் இடம், 31 புள்ளி: 8 வெற்றி, 7 சமன், 23 தோல்வி.

உள்ளே இருந்த யாரும் எச்சரிக்கவில்லையா?

எச்சரித்தார்கள். துணைத் தலைமைச் செயல் அதிகாரி பால் ஹண்ட் 2011 டிசம்பரிலேயே உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார்: மேலாளரை மாற்றுங்கள், பண நிலைமை மோசம் என்று. தரமிறங்கிய மறுநாளில் அந்தக் கடிதம் வெளியே கசிந்தது. அந்த வாரமே வேலை போனது. கீனுக்கு அல்ல, ஹண்டுக்கு.

உரிமையாளர்கள் இந்தியர்கள் என்பதால்தான் இவ்வளவு எதிர்ப்பா?

கூட்டத்தில் நிறவெறியர் ஒருவரும் இல்லை என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் கோபத்தின் வேர் அதுவல்ல. பிளாக்பர்ன் வட்டாரத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் தெற்காசிய வழியினர். இந்திய முகம் அந்த ஊருக்குப் புதிதல்ல. அதிக வசவு வாங்கியவரும் ஸ்காட்லாந்துக்காரரான கீன்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கத்தும்போது வரும் கோபம் அது: முதலாளிகள் வருவதில்லை, பதில் சொல்வதில்லை, ஏன் இந்த முடிவு என்று விளக்குவதில்லை.

கீனை மட்டும் குறைசொல்வது நியாயமா?

இல்லை. நீச்சல் தெரியாதவனை நடு ஆற்றில் இறக்கிவிட்டால், இறக்கியவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். அத்தனை வசவுக்கு நடுவிலும் ஒவ்வொரு வாரமும் வந்து நின்றார். அந்தத் துணிவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எல்லாம் சரியான திசையில் போவதாக அவர் பேசியது எரிகிற தீயில் எண்ணெய்.

இறங்கிய பிறகாவது பாடம் கற்றார்களா?

ஜோர்டன் ரோட்ஸை 8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர் கோலாக அடித்துத் தள்ளினார். மற்றதெல்லாம் பழைய குருடிதான். 2012 செப்டம்பரில் கீன் பதவி விலகினார். அடுத்து வந்த ஹென்னிங் பெர்க், 1995இல் பட்டம் வென்ற அணியின் வீரர். அவருக்குக் கொடுத்தது 57 நாள். அதற்கடுத்த மைக்கேல் ஆப்பிள்டனுக்கு 67 நாள். 2017இல் கடைசி நாள் பிரென்ட்ஃபோர்டில் 3–1 என வென்றும், கோல் வித்தியாசத்தில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஓர் அணி அந்த ஆழத்துக்குப் போனது அதுவே முதல் முறை. டோனி மோப்ரே அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு மீட்டுவந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆண்டுதோறும் விழும் நஷ்டத்தைத் தங்கள் பணத்தைப் போட்டே ராவ் குடும்பம் ஈடுகட்டிவந்திருக்கிறது. ஓடிப்போகவில்லை. பணம் கொடுத்தார்கள், கவனம் கொடுக்கவில்லை.

அந்த அணியில் யாராவது பெரிய ஆளானார்களா?

ஸ்டீவன் என்சோன்சி. நடுக்களத்தில் நெட்டையாக நின்ற அந்தப் பிரெஞ்சுக்காரர், 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிப் பதக்கம் வாங்கினார்.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது?

ஓல்டு டிராஃபோர்டு, டிசம்பர் 31. அதிலும் ஹான்லியின் கோலுக்குப் பிந்தைய பத்து நிமிடம். பட்டியலின் கடைசியில் இருந்த அணி, காயத்தால் ஆள் இல்லாமல் பையன்களை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பந்தையும் தலையால், காலால், உடம்பால் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அரங்கின் ஒரு மூலையில் பிளாக்பர்னிலிருந்து வந்த கூட்டம் துள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த ஆட்டம் இரண்டே நாளில், ஸ்டோக்குடன், சொந்த மைதானத்தில். 1–2.